நூற்றிருபதிலேயே நின்ற நெஞ்சு

அவரை எல்லாரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் படித்தார், கறுப்புக் கோட்டும் தைத்துக்கொண்டார். முதல் நாள் கோர்ட்டுக்குப் போனவர், "இங்கே எல்லாரும் பேசுறாங்க, ஒருத்தரும் பார்க்கக் காணோம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அப்புறம் கோட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் ஏதாவது நடந்தால், அக்கம்பக்கத்தில் யாராக இருந்தாலும் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான்.

அன்று மதியம் கதவைத் திறந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டிய ஆள், தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எந்நேரமும் கழுத்தில் ஒரு வயரைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவதால் ஊரே அவனைச் சார்ஜர் என்றது. கடையில் இருந்ததைவிட அத்தான் வீட்டில் இருந்ததுதான் அதிகம். கடை எப்படி ஓடுகிறது என்று அக்கா கேட்டால், "அது பாட்டுக்கு ஓடுது" என்பான்.

வாசலில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட், பூட்ஸில் சிமெண்ட்டுச் சேறு.

"சார், என் நெஞ்சைப் பத்தி ஒரு மெஷின் பொய் சொல்லுது. அதை யாரு அப்படிச் சொல்ல வைக்கிறாங்கன்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

சார்ஜருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மெஷின், பொய், நெஞ்சு! எலி காணாமல் போனது, பூட்டு மாறிப் போனது என்று வருகிற கேஸ்களுக்கு நடுவே இப்படி ஒன்று வர எத்தனை நாள் காத்திருந்தான்! ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

வக்கீல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நிதானமா சொல்லும்மா."

"நான் டவர் கிரேன் ஓட்டுறேன் சார். ஏணியில இருபது மாடி உயரம் ஏறி, மேல கண்ணாடி ரூமுக்குள்ள உட்காரணும். ஏறுறதுக்கு முன்னாடி ஒரு செல்போனுக்கு எதிர்ல உட்காரச் சொல்வாங்க. தொட வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அது கேமராவால முகத்தைப் பார்க்கும், நெஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்குதுன்னு சொல்லும். நூறைத் தாண்டினா ஏறக் கூடாது. இந்தத் திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு நூத்திருபது காட்டுது. நாளைக்கு என் சீட்டுல வேற ஆளு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். உனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேங்கிறார். சேஃப்டி ஆபீசர் அதைக் காதுலயே போட்டுக்கல. மெஷின் சொன்னாத்தான் ஒத்துப்பாராம்." அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "நெஞ்சுக் கோளாறுன்னு ஒரு தடவை பேரு வந்துட்டா, அப்புறம் எந்த சைட்லயும் என்னை ஏணியைத் தொட விடமாட்டாங்க சார். ஒரு பொம்பளைக்குக் கிரேன் குடுக்கறதுக்கே ஆயிரம் யோசிக்கறவங்க."

"அது எப்படி மாப்ளே, முகத்தைப் பார்த்தே நெஞ்சைச் சொல்லிடுமா?" என்று வக்கீல் மச்சினன் பக்கம் திரும்பினார்.

சார்ஜர் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுடைய ராஜ்ஜியம் அல்லவா! "சொல்லும் அத்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் முகத்துல ரத்தம் ஏறி இறங்கும். அப்ப தோலோட நிறம் துளியூண்டு கூடிக் குறையும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். எத்தனை தடவை கூடிக் குறையுதுன்னு எண்ணிச் சொல்லும். மெஷினுக்குப் பொய் சொல்ல வராது அத்தான். பொய் சொல்லணும்னா மனுஷன் வேணும்."

"ரொம்ப சரி" என்றார் வக்கீல். அவர் எதற்குச் சரி என்றார் என்பது அப்போது சார்ஜருக்கு விளங்கவில்லை.

"ஏம்மா, நூத்திருபதுன்னா நூத்திருபதேதானா? கொஞ்சம் முன்னப்பின்ன?"

"நூத்திருபதேதான். முந்தாநாள் கோவத்துல ஏணியில பாதி தூரம் ஏறி இறங்கி ஓடி வந்து உட்கார்ந்தேன். மூச்சு வாங்குது, அப்பவும் நூத்திருபது. நேத்து கண்ணை மூடி, பேச்சுமூச்சில்லாம உட்கார்ந்து பார்த்தேன். அப்பவும் அதே நூத்திருபது."

"அதுக்கு முன்னாடி?"

"இந்த ஏற்பாடு வந்து ஆறு மாசமாச்சு. முதல்ல எழுபது, எண்பதுன்னு மாறி மாறி வரும். அப்புறம் தினமும் எழுபத்திரண்டுதான்."

"அந்த நாற்காலியில வேற யாரெல்லாம் உட்கார்றாங்க?"

"எங்க அண்ணன் ஒருத்தன்தான். அவனும் அதே கிரேன். விடியறதுக்கு முன்னாடி நான் ஏறுவேன், பொழுது சாய்ஞ்சதும் அவன். அவனுக்கு இந்த வாரமும் எழுபத்திரண்டுதான் வருது."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"மொதல்ல அவன்கிட்டதானே சொன்னேன். 'நாற்காலியைச் சுவரோரமா தள்ளிப் போட்டுக்கோ, சரியாயிடும்'னான். எங்க தள்றது? தரையில மஞ்சள் கோடு போட்டிருக்கு, நாலு காலும் அதுமேலதான் நிக்கணும். அரை அடி நகர்ந்தாலும் சேஃப்டி ஆபீசர் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு."

வக்கீல் சட்டையை மாட்டிக்கொண்டார். "வா மாப்ளே. பொழுது சாயறதுக்குள்ள போயிடுவோம்."

கட்டட வேலை நடக்கிற இடத்துக்கு அவர்கள் போனபோது வெயில் தணிந்திருந்தது. கிரேன் ஆடாமல் அசையாமல் நின்றது. அவள் அண்ணாந்து பார்த்த பார்வையைக் கண்டதும் சார்ஜருக்கு என்னவோ போலாகிவிட்டது. பூட்டிப் போட்ட சொந்த வீட்டை வெளியில் நின்று பார்ப்பவள் மாதிரி இருந்தாள்.

"நடுவுல நடுவுல தட்டு தெரியுதே, அதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார் வக்கீல்.

"ஏணியில ஏறும்போது நின்னு போறதுக்கு. நான் நிக்க மாட்டேன். அண்ணனும் முந்தியெல்லாம் ஒரே மூச்சா ஏறுவான். இப்பதான் ஒவ்வொரு தட்டுலயும் நின்னு ஊரை வேடிக்கை பார்த்துட்டுப் போறான். வயசானதும் ரசனை வந்துடுச்சான்னு கிண்டல் பண்ணுவேன்."

வக்கீல் சிரிக்கவில்லை.

பரிசோதனை அறை என்பது ஒரு பழைய இரும்புக் கன்டெய்னர். ஒரே ஒரு ஜன்னல். மூலையில் அழுது வடிகிற ஒரு குண்டு பல்பு. நடுவில் மஞ்சள் கோட்டின்மேல் நாற்காலி, அதற்கெதிரே கம்பியில் பொருத்திய செல்போன். சுவரில், ஹெல்மெட் போட்ட ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் பெரிய பாதுகாப்புப் போஸ்டர். சேஃப்டி ஆபீசர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வரவேற்றார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம்.

"நீங்க யாரா வேணாலும் இருங்க சார். விதின்னா விதி. நாளைக்குக் காலையில புது ஆள் வர்றான், பேசி முடிச்சாச்சு."

சார்ஜர் அத்தானின் காதைக் கடித்தான். "இவர்தான் அத்தான்! தனக்கு வேண்டிய ஆளை உள்ள நுழைக்கறதுக்கு மெஷினை நோண்டி வெச்சிருக்காரு. போனை என் கையில குடுங்க, பத்து நிமிஷத்துல குடலை உருவிடறேன்."

"பொறு மாப்ளே. பதறாத காரியம் சிதறாது." வக்கீல் ஆபீசரிடம் பணிவாகக் கேட்டார். "திங்கக்கிழமை இங்க ஏதாவது மாத்தினீங்களா?"

"இந்த ரூம்ல ஒரு தூசியைக் கூட மாத்தலை. சைட்லதான் மாத்தினேன். பள்ளம், படி எல்லாத்துக்கும் பக்கத்துல எச்சரிக்கை விளக்கு வெச்சிருக்கோம். எல்லாம் தூங்கி வழிஞ்சு மினுக்கிட்டிருந்துச்சு. அத்தனையையும் வேகமா மினுக்க வெச்சேன். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வந்து ஒவ்வொரு விளக்கையும் நானே பார்க்கறேன். யாராவது குறைச்சு வெச்சா தொலைச்சுடுவேன்."

"நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு வக்கீல் வெளியே நடந்தார். சார்ஜர் பின்னாலேயே ஓடினான்.

ஜன்னலுக்கு நேர் வெளியே, முக்காலி போன்ற ஒரு கம்பிமேல், தேங்காய் அளவுக்கு ஆரஞ்சு நிற விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. வக்கீல் அதைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"இது எந்தப் பள்ளத்துக்கும்மா காவல்?"

அவளும் தரையைப் பார்த்தாள். "இங்க ஒரு குழி இருந்துச்சு சார். அதைத்தான் மூடியாச்சே... மாசக்கணக்காச்சு."

"மூடின குழிக்குக் காவல்காரன்!" என்றார் வக்கீல். பிறகு, விளக்கின் பின்பக்கத்தை மச்சினனிடம் காட்டினார். மினுக்கும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு இருந்தது. வழியில் பார்த்த மற்ற விளக்குகளின் திருகெல்லாம் திங்கட்கிழமைக்குப் பிறகு யாரும் தொடாமல் மறுபடி சேறு காய்ந்து அப்பிக் கிடந்தன. இது மட்டும் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

சார்ஜர் தலையைச் சொறிந்தான். கண்ணெதிரே ஏதோ இருக்கிறது, பிடிக்கத்தான் தெரியவில்லை. பாழாய்ப்போன மண்டை!

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் வக்கீல் எல்லாரையும் கன்டெய்னருக்குள் கூப்பிட்டார். அந்த நேரத்துக்குத்தான் அண்ணன் வேலைக்கு வந்து சேர்ந்தான். அகன்ற தோள், சிரித்த முகம், நெற்றியில் வியர்வை. தங்கச்சியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு, "என்ன கூட்டம்?" என்றான்.

"ஒரு வேடிக்கை காட்டப் போறேன்" என்றார் வக்கீல். "மாப்ளே, சுவத்துல இருக்கானே அந்தப் பல்லன், அவனைக் கழட்டி நாற்காலியில உட்கார வை."

"போஸ்டரையா?"

"அவனுக்கும் ஒரு தடவை நெஞ்சைப் பார்த்துடுவோம். பாவம், எத்தனை மாசமா சிரிச்சுக்கிட்டே நிக்கறான்."

சார்ஜர் போஸ்டரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்துப் பிடித்தான். ஆபீசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் முகத்தைக் கண்டுபிடித்து எண்ணத் தொடங்கிவிட்டது. காகித முகத்தின்மேல் ஜன்னல் வழியாக ஆரஞ்சு வெளிச்சம் விழுந்து விழுந்து மறைந்தது. அரை நிமிடத்தில் போன் 'ட்ரிங்' என்றது.

நூற்றிருபது.

"ஐயையோ!" என்று சார்ஜர் போஸ்டரைக் கீழே போட்டுவிட்டான். அந்தப் பெண் முதலில் விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதாகத்தான் இருக்கும்.

"பல்லனுக்கும் நெஞ்சுக் கோளாறு சார், அவனையும் வேலையை விட்டுத் தூக்கிடுங்க" என்றாள் ஆபீசரிடம்.

"இப்ப நான் சொல்றதைக் கேளுங்க" என்றார் வக்கீல். அவர் குரல் உயரவே இல்லை. "உயிருள்ள நெஞ்சு ஒரு நிலையில நிக்காது. ஓடினா ஏறும், உட்கார்ந்தா இறங்கும். இந்தப் பொண்ணு ஓடி வந்தாலும் நூத்திருபது, கண்ணை மூடி உட்கார்ந்தாலும் நூத்திருபது. அப்படின்னா அது நெஞ்சே இல்ல. போன் வேற எதையோ எண்ணுது. என் மச்சினன் மதியமே சொன்னான், அது முகத்துல நிறம் கூடிக் குறையறதை எண்ணுதுன்னு. ரத்தம் மாத்தற நிறம் துளியூண்டு. அந்த விளக்கு மாத்தற நிறம் பளீர் பளீர்னு தெரியுது. துளியூண்டை விட்டுட்டுப் பளீரை எண்ணிடுச்சு. விளக்கு நிமிஷத்துக்கு நூத்திருபது தடவை மினுக்குது. திங்கக்கிழமை சார் வேகத்தைக் கூட்டினாரு, அன்னிக்கே பொண்ணோட நெஞ்சும் கூடிடுச்சு. மாப்ளே, விளக்கை அணைச்சுட்டு வந்து உன் போன் டார்ச்சை அவ முகத்துல அடி. ஆடாம பிடி."

விளக்கு அணைந்தது. அவள் உட்கார்ந்தாள். போன் எழுபத்தெட்டு என்றது. வக்கீல் அவள் மணிக்கட்டைப் பிடித்து, சார்ஜரின் கடிகாரத்தைப் பார்த்துத் தாமே எண்ணினார். எழுபத்தாறு.

"இந்த மாதிரி நல்ல வெளிச்சத்துல, ஆடாம உட்கார்ந்தா இது ஏறக்குறைய சரியாச் சொல்லுது. இது போடற கணக்கை அப்பப்ப கையால சரிபார்க்கணும். அவ்வளவுதான் இதுக்கு மரியாதை" என்றார்.

ஆபீசரின் முகத்தில் முதல் தடவையாக மடிப்பு கலைந்தது. "தெரியாம நடந்து போச்சும்மா. நாளைக்கு நீ ஏறலாம்" என்றார். அவள் அப்படியே அண்ணன் பக்கம் திரும்பி, "பார்த்தியாண்ணா!" என்றாள். அண்ணனும் சிரித்தான். ஆனால் அவன் கண் ஜன்னலைவிட்டு நகரவில்லை என்பதைச் சார்ஜர் கவனித்தான்.

"அத்தான்..." என்றான் மெதுவாக. "விளக்கு ரெண்டு பேருக்கும் பொதுதானே? அப்ப இவருக்கு மட்டும் எப்படி எழுபத்திரண்டு?"

"அப்படிக் கேளு!" வக்கீல் மச்சினனைப் பெருமையாகப் பார்த்தார். பிறகு, அண்ணனுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, உன் தங்கச்சி நெஞ்சு படபடக்குதுன்னு வந்து சொன்னப்ப, நீ டாக்டர்கிட்ட போன்னு சொல்லல. நாற்காலியைத் தள்ளிப் போடுன்னு சொன்னே. கோளாறு நெஞ்சுல இல்ல, உட்கார்ற இடத்துலதான்னு தெரிஞ்சவன்தான் அப்படிச் சொல்லுவான். மூடின குழிக்குப் பக்கத்துல ஒரு விளக்கு, அதுவும் ஜன்னலுக்கு நேரா. அது தானா நடந்து வரல. தினமும் யாரோ தொடறதாலதான் திருகு பளபளன்னு இருக்கு. நீ சாயங்காலம் உட்கார்றதுக்கு முன்னாடி மெதுவாக்குவே, எழுபத்திரண்டு வரும். அப்புறம் பழையபடி வேகமாக்கி வெச்சுட்டுப் போயிடுவே. உனக்கு எழுபத்திரண்டு எதுக்குத் தேவைப்பட்டுது? ஒவ்வொரு தட்டுலயும் நின்னு நீ வேடிக்கையா பார்க்கறே?"

அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணா, இல்லைன்னு சொல்லு" என்றாள் அவள்.

அவன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மெஷின் வந்த புதுசுல ஒரு நாள் எனக்கு நூத்தி நாப்பது காட்டுச்சு. நெஞ்சுக்குள்ள என்னவோ புரண்டு புரண்டு விழற மாதிரி இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து எவனோ இந்த விளக்கைத் தூக்கிட்டு வந்து ஜன்னல்கிட்ட வெச்சான். உடனே நம்பர் எழுபத்திரண்டுக்கு இறங்கிடுச்சு. மேல உட்கார்ந்து கண்ணாலயே பொழைக்கறவன் நான். விளக்கைப் பார்த்தேன், புரிஞ்சு போச்சு. அப்புறம் அதை நகர விடல."

"மாசக்கணக்கா அது உன்கிட்டயும் பொய்தாம்மா சொல்லிட்டிருந்துச்சு" என்றார் வக்கீல் அவளிடம். "எழுபத்திரண்டு வந்த வரைக்கும் உனக்கும் சந்தேகம் வரல, சாருக்கும் வரல. நமக்குச் சாதகமான பொய்யை யாரு புரட்டிப் பார்க்கறாங்க?"

அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு நூத்திருபது வந்தப்பவே உனக்குத் தெரியும். விளக்கை மெதுவாவே விட்டுட்டுப் போயிருக்கலாமில்ல?"

"விடியக்காலையில நீ வர்றதுக்கு முன்னாடி சார் வந்து பார்ப்பாரே. யாரு குறைச்சதுன்னு கேட்டா மாட்டிக்குவேன். அதான் நாற்காலியைத் தள்ளச் சொன்னேன்..."

"உன் சீட்டைக் காப்பாத்திக்க என் சீட்டைக் குடுத்துட்டே. கூடப் பொறந்தவனா நீ? என்னை எறக்கப் பார்க்கறது யாருன்னு ஊரெல்லாம் தேடினேன்!" அவள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அவன் உதடு வெளுத்திருந்தது. கழுத்து நரம்பு கண்ணுக்குத் தெரியும்படி துடித்துக்கொண்டிருந்தது.

வக்கீல் அவன் கையை எடுத்து விரலை வைத்தார். எண்ணத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். "எண்ண முடியல. நாலு வேகமா ஓடுது, ஒண்ணு நிக்குது, மறுபடி ஓடுது. இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் இருபது மாடி ஏறினே? கீழ எத்தனை பேர் தலைக்கு மேல பாரத்தைத் தூக்கினே! சார், உங்க காரை எடுங்க."

ஆபீசர் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினார். போன வேகத்திலேயே வாசலில் நின்று திரும்பினார். அவர் கவலை அவருக்கு. "கிரேன் மூணு நாளா பாதி நேரம் சும்மா நிக்குது. மேல கம்பிக்கட்டு ஏத்தணும். ஏம்மா, உன் நெஞ்சுதான் நல்லாருக்கே. இவனை நாங்க பார்த்துக்கறோம். இன்னிக்கு ராத்திரி நீ ஏறிடேன்."

சார்ஜருக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு, வக்கீலிடம் கையை நீட்டினாள்.

"எண்ணுங்க சார்."

வக்கீல் மணிக்கட்டைப் பிடித்தார். சார்ஜர் கடிகாரத்தை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். ஒரு முழு நிமிடம் போயிற்று.

"நூத்திப் பதினாறு" என்றார் வக்கீல்.

"அது எப்படி? இப்பதானே எழுபத்தெட்டு வந்துச்சு!" என்றார் ஆபீசர்.

"அது அப்ப. இப்ப பக்கத்துல அவ அண்ணன் இப்படி உட்கார்ந்திருக்கான்."

அவள் கையை விடுவித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "இது என்னோடதுதான் சார். நூறைத் தாண்டினா ஏறக் கூடாது, விதின்னா விதி. இன்னிக்கு நான் ஏற மாட்டேன். நாளைக்கு ஏறுறேன்."

அவள் குனிந்து அண்ணனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மறுபக்கம் சார்ஜர் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் மெல்ல நடந்து காருக்குப் போனார்கள். "உன்மேல கோவம் போகல, தெரிஞ்சுக்கோ" என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் ஒவ்வொரு தடவையும் "சரி" என்றான். அன்றிரவு கிரேனில் யாரும் ஏறவில்லை.